முதியோரின் பகலும் இரவும்

"பெரியவருக்கு வயதாகி விட்டது, அவர் சும்மா இருக்கட்டும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். அன்பினால் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தை நடைமுறையில் என்னவாக முடிகிறது என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நாற்பது வருஷ காலம் உத்தியோகமோ, வியாபாரமோ, பயிர்த்தொழிலோ பார்த்தவர் ஒரு நாள் வேலையை விட்டு விலகுகிறார். கடைக்குப் போகும் வேலையைப் பேரன் ஏற்றுக் கொள்கிறான். பெரியவருக்கு உள்ளறையில் ஒரு கட்டிலும், தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும், எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கிடைக்கின்றன. வெயில் வருமென்று ஜன்னலைச் சாத்தி விடுகிறார்கள். காலை பத்து மணிக்கு அவர் கண்ணயர்கிறார். உண்டபின் மீண்டும் கண்ணயர்கிறார். இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கொண்டு இருட்டில் நடமாடுகிறார். வீட்டிலுள்ளவர்கள் சலித்துக் கொள்கிறார்கள். மகன் வைத்தியரிடம் போய்த் தூக்க மாத்திரை எழுதி வாங்கி வருகிறான். அன்பில் தொடங்கிய காரியம் மாத்திரையில் முடிகிறது.

இது ஒரு தினசரியின் தலையங்கத்துக்குரிய விஷயமா என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் அறுபது வயது கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர். தமிழ்நாட்டில் அன்றே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அவ்வயதினர். 2023-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி நம் நாட்டு முதியோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கு உள்ளானவர். இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வந்தபின் தீர்க்க முடியாத ஒரு துன்பத்தை வராமல் தடுக்கவோ, சிறிது தள்ளிப் போடவோ வழியுண்டா என்று ஆராய்வது குடும்பத்தின் கடமை, சர்க்காரின் கடமையுங்கூட. அவ்வழிகளுள் ஒன்றாக, முதியவரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதையே இப்போது விஞ்ஞானிகள் கவனித்து வருகிறார்கள்.

தேகத்துக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதென்பது புதிய சங்கதியன்று. 1729-இல் தெ மெய்ரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலேயே அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடிக் கொண்டன. நாள் கணக்கு செடிக்குள்ளேயே இருந்தது. 1971-இல் அமெரிக்காவில் கொனோப்கா, பென்ஸர் என்ற இருவர் பழ ஈக்களில் இக்கடிகாரத்தை நடத்தும் மரபணு ஒன்றை அடையாளம் கண்டனர். அந்த வழியிலே மேலும் சென்று அதன் இயக்கத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதனிடத்தில் இக்கடிகாரத்தின் தலைமை நிலையம் மூளையின் அடிப்புறத்தில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அதிலுள்ள நரம்பணுக்கள் ஏறக்குறைய இருபதாயிரமே. எப்போது உறக்கம் வரவேண்டும், எப்போது உடற்சூடு இறங்க வேண்டும், எந்தச் சுரப்பு எந்த வேளையில் சுரக்க வேண்டும் என்பதையெல்லாம் இச்சிறு கூட்டமே ஒழுங்கு செய்கிறது. இது தன்னிச்சையாக ஓடினால் இருபத்து நான்கு மணியைச் சற்றே தாண்டி ஓடும். ஆகவே நாள்தோறும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். திருத்துவது பகல் வெளிச்சம். வெளிச்சத்தை அறவே உணராத கண்ணற்றோர் பலருக்கு உறக்க வேளை நாளுக்கு நாள் நழுவிக் கொண்டே போவது இதனால்தான்.

வயது ஏற ஏற இவ்வேற்பாடு பல முனைகளில் தளர்கிறது. கண்ணின் வில்லை மஞ்சளித்து, கடிகாரத்தைத் திருத்துவதற்கு மிகவும் வேண்டிய நீல வெளிச்சத்தைத் தடுக்கிறது. கடிகார அணுக்களின் முறுக்கும் குறைகிறது. முதியவர் முன்னேரத்தில் உறங்கி விடியுமுன் எழுவது இயற்கையே. அதை நோயென்று எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேற்றுமையே மங்கிப் போய், பகல் துண்டு துண்டான தூக்கமாகவும் இரவு துண்டு துண்டான விழிப்பாகவும் மாறுவதுதான் கவலைக்குரியது.

அந்தக் கவலைக்கு ஆதாரம் உண்டா? கைக்கடிகாரம் போல் மணிக்கட்டில் கட்டி, இரவும் பகலும் உடல் அசைவைப் பதிவு செய்யும் கருவியைக் கொண்டு பல ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், சராசரி 83 வயதுடைய, நல்ல அறிவுத் தெளிவோடிருந்த 1,282 மூதாட்டியரைச் சுமார் ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் 195 பேருக்கு மறதி நோய் கண்டது. 302 பேருக்கு அதன் முன்படியான ஞாபகத் தளர்ச்சி கண்டது. அன்றாட நடமாட்டத்தில் ஏற்ற இறக்கம் குன்றியிருந்தவர்களும், நடமாட்டத்தின் உச்சம் ஏறக்குறைய மாலை நான்கு மணிக்கு மேல் வந்தவர்களும் இத்தொல்லைக்கு அதிகமாக ஆளாயினர். சிக்காகோவில் நடந்து 2013-இல் வெளியான ஆராய்ச்சியில் 737 முதியோர் கலந்து கொண்டனர். உறக்கம் மிகவும் துண்டுபட்டிருந்தோருக்கு, மிகவும் சீராயிருந்தோரைக் காட்டிலும், அல்ஸைமர் நோய் வரும் அபாயம் ஒன்றரை மடங்கு இருந்தது. 2020-இல் வெளியான மற்றொன்றில் 2,930 முதிய ஆண்களைப் பதினொரு வருஷம் கவனித்தார்கள். பகலிரவு ஒழுங்கு மிகவும் தளர்ந்திருந்தவர்களுக்குப் பார்க்கின்ஸன் நோய் வரும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்காயிருந்தது.

இவற்றைப் படித்தவுடன் தீர்ப்பெழுதி விடுவது நியாயமாகாது. நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இது தெரியும்: இருவர் ஒரே இடத்தில் காணப்பட்டதனாலேயே ஒருவர் மற்றவரைத் தாக்கினாரென்று ஏற்படாது. உறக்கக் குலைவு மூளையைக் கெடுக்கிறதா, அல்லது மூளையில் மறைவாகத் தொடங்கிய நோய் உறக்கத்தைக் குலைக்கிறதா? இரண்டாவது கட்சிக்கு வலுவான சாட்சியம் இருக்கிறது. ஸெயின்ட் லூயி நகரின் வாஷிங்டன் சர்வகலாசாலையில் 189 பேரைப் பரிசோதித்து 2018-இல் வெளியிட்ட முடிவு அது. ஞாபகம் சிறிதும் குன்றாதவர்களிடத்திலேயே, அல்ஸைமர் நோய்க்குரிய அமிலாய்டு என்னும் புரதக் கசடு மூளையில் படிந்திருந்தால், பகலிரவு ஒழுங்கு முன்கூட்டியே சிதறியிருந்தது. குலைவு நோயின் விளைவாகவும் இருக்கலாமென்பதை இது காட்டுகிறது.

முதற் கட்சிக்கும் சாட்சியம் இல்லாமலில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஏறக்குறைய எண்ணாயிரம் பேரை இருபத்தைந்து வருஷம் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. ஐம்பது வயதிலிருந்தே தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கி வந்தவர்களுக்கு மறதி நோய் அபாயம் நூற்றுக்கு முப்பது அதிகமென்று அது கண்டது. நோய் தலைகாட்டுவதற்கு வெகு காலம் முன்பே உறக்கக் குறைவு இருந்தமையால், குலைவு முந்தியது என்பதற்கு இது ஓரளவு சான்றாகும். உறக்கத்தில் மூளையின் கசடு விரைவாகக் கழுவப்படுகிறதென்று 2013-இல் ரோசெஸ்டரில் எலிகளிடம் கண்டார்கள். ஆனால் 2024-இல் லண்டனில் எலிகளிடமே செய்த வேறோர் ஆராய்ச்சி அதற்கு மாறான முடிவைக் கூறிற்று. அதே 2024-இல் லான்ஸெட் பத்திரிகையின் நிபுணர் குழு மறதி நோய்க்குத் தடுக்கக்கூடிய காரணங்கள் பதினான்கை வரிசைப்படுத்தியது. உறக்கத்தை அவ்வரிசையில் சேர்க்கவில்லை. உடலசைவின்மை, தனிமை, மனச்சோர்வு, கண்பார்வைக் குறைவு ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறது.

வழக்கின் நிலை இதுதான். நம் அபிப்பிராயத்தில், உறக்கமும் நோயும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று கொள்வதே இன்றைய சாட்சியத்துக்குப் பொருந்தும். உள்ளறைக் கட்டிலில் நாள் முழுவதும் கிடக்கும் பெரியவரிடத்தில் லான்ஸெட் குழு எண்ணிய காரணங்கள் நான்கும் ஒருங்கே கூடியிருக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. முடிவான தீர்ப்பு வரும்வரை காத்திருக்கலாம் என்பார்க்கு நாம் ஒன்று சொல்வோம். பரிகாரம் ஆபத்தானதாகவோ, பெருஞ்செலவு பிடிப்பதாகவோ இருந்தால் காத்திருப்பது விவேகம். காலை வெளிச்சமும் பகல் வேலையும் இரவு இருளும் யாரையும் கெடுத்ததில்லை.

பரிகாரத்துக்கும் பரீட்சை நடந்திருக்கிறது. ஹாலந்து தேசத்தில் பன்னிரண்டு முதியோர் இல்லங்களில், பெரும்பாலும் மறதி நோயுற்ற 189 பேரிடம் நடத்தி 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சில இல்லங்களில் பொதுக்கூடத்தின் கூரையில் பிரகாசமான விளக்குகளை அமைத்துப் பகல் முழுவதும் எரிய விட்டார்கள். மற்றவற்றில் சாதாரண வெளிச்சமே இருந்தது. பிரகாசமான கூடங்களில் இருந்தோரிடம் அறிவுத் தேய்வு நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுப்பட்டது. மனச்சோர்வின் அறிகுறிகள் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு குறைந்தன. உறக்கம் வருவிக்கும் மெலடோனின் மாத்திரையை மட்டும் தந்தபோதோ உறக்கம் கூடிற்று, மனநிலை கெட்டது. வெளிச்சத்தோடு சேர்த்துத் தந்தபோது அக்கெடுதல் தணிந்தது. பலன் பிரமாதமென்று நாம் கூறவில்லை. நோய் முற்றியவரிடத்திலும் விளக்கு ஒன்றால் இவ்வளவு ஆயிற்றே என்பதுதான் கவனிக்கத்தக்கது.

ஹாலந்துக்காரர் கூரையில் விளக்குப் போட்டுப் பெற்ற வெளிச்சம் ஆயிரம் லக்ஸ் அளவினது. நம் வீட்டு அறையில் விளக்கு தரும் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வாசலுக்கு வந்து மர நிழலில் உட்கார்ந்தால் பல ஆயிரம் லக்ஸ். அவர்கள் காசு கொடுத்து வாங்கியதைச் சூரியன் நம் வாசலில் தினமும் இலவசமாகக் கொட்டுகிறான். நாம் ஜன்னலைச் சாத்திக் கொள்கிறோம். பழைய வீடுகளில் திண்ணையும் முற்றமும் இருந்தன. கட்டியவர்கள் கடிகார அணுக்களை அறிந்தவர்களல்லர். ஆயினும் கிழவர் காலையில் திண்ணைக்கு வந்தார், தெருவைப் பார்த்தார், போவோர் வருவோரோடு பேசினார். இன்றைய அடுக்குமாடியில் அந்த இடம் இல்லை.

ஆகவே வீட்டுத் தலைவர்களுக்கு நம் விண்ணப்பம் இது. காலை எழுந்தவுடன் பெரியவர் வெளிச்சத்துக்கு வரட்டும். மொட்டைமாடியோ, வாசலோ, தெருமுனையோ, அரை மணி நேரமாவது அங்கே இருக்கட்டும். கோடையில் வெயில் ஏறுமுன் போய் வரட்டும். பகல் தூக்கம் வேண்டுமானால் உண்டபின் சிறிது நேரம் போதும். உணவும் உறக்கமும் தினமும் ஒரே வேளையில் நடக்கட்டும். இரவில் அறை இருளாகவும் அமைதியாகவும் இருக்கட்டும். தடுக்கி விழாதபடி கழிப்பறைக்குப் போகும் வழியில் மட்டும் மங்கிய விளக்கு எரியட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரிடமிருந்து பிடுங்கிய வேலையில் அவரால் முடிந்ததைத் திருப்பிக் கொடுங்கள். பால் வாங்கி வருவதோ, கணக்கெழுதுவதோ, பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்வதோ, செடிக்குத் தண்ணீர் விடுவதோ ஏதாவதொன்று அவருடையதாக இருக்க வேண்டும். தம்மை எதிர்பார்த்து ஒரு காரியம் காத்திருக்கிறதென்ற நினைவுதான் மனிதனைக் காலையில் படுக்கையை விட்டு எழுப்புகிறது.

மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. முதியவருக்குத் தூக்க மாத்திரைகள் பல தடுமாற்றத்தையும், விழுந்து எலும்பு முறிவதையும், புத்திக் குழப்பத்தையும் உண்டாக்குகின்றன என்பது வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. உட்கொண்டு வருபவர் தாமாகத் திடீரென்று நிறுத்தி விடவும் கூடாது. இரவில் விழிப்பதற்கு மூட்டுவலியோ, சிறுநீர்த் தொந்தரவோ, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதோ, மனத்துயரோ காரணமாயிருக்கலாம். வைத்தியரிடம் மாத்திரை கேட்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

வீட்டுக்குள் அடங்காத பகுதியும் இவ்விஷயத்தில் இருக்கிறது. ஓய்வு அதிகமாகிக் கெடுபவர் ஒரு சாரார். ஓய்வே கிட்டாமல் கெடுபவர் மற்றொரு சாரார். நம் நகரங்களில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். அடுக்குமாடி வாயில்களிலும், பணம் தரும் இயந்திர அறைகளிலும், கடைவீதிகளிலும் பிளாஸ்டிக் நாற்காலியில் காவலிருப்போர் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்து, விடிந்தபின் தகரக் கூரையின் கீழ்ப் படுக்கப் போகிறார்கள். மாதந்தோறும் இரவையே பகலாக்கி வாழும் இவர்களிடம் கடிகாரத்தைப் பற்றி உபதேசம் செய்வது கேலியாகும். 2011-இல் முதியோர் உதவித்தொகைக்கு வயது வரம்பு அறுபதாகக் குறைக்கப்பட்டபோது, எண்பது வயதுக்குட்பட்டவருக்கு மத்திய சர்க்கார் கொடுத்த பங்கு மாதம் 200 ரூபாய். அதன்பின் பல ஆண்டுகள் கழிந்தும் அது உயரவில்லை. அத்தொகையோடு மாகாணத்தார் தருவதைச் சேர்த்தாலும், பிள்ளையில்லாத கிழவர் இரவுக் காவலை விட முடியாது. அறுபது வயது கடந்தவரை நிரந்தரமாக இரவு வேலையில் வைக்கலாகாது, கூலியைக் குறைக்காமல் பகல் முறைக்கு மாற்ற வேண்டும் என்ற விதி ஏற்பட வேண்டும். குடியிருப்புச் சங்கங்கள் சட்டம் வரும்வரை காத்திராமல் நாளையே இதைச் செய்யலாம்.

அடுத்தது இரவின் அமைதி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக்காலத்தில் நள்ளிரவு வரை அனுமதிக்கும் சலுகையும் வருஷத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் இல்லை. 2005-இல் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது. 2012-இல் ராம்லீலா மைதான வழக்கில், உறக்கமும் அரசியல் சட்டம் உயிர் வாழ்வுக்கு அளித்துள்ள பாதுகாப்பில் அடங்கியதென்று ஒரு நீதிபதி தமது தனிக்கருத்தில் எழுதினார். சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும் நம் தெருக்களில் நடப்பது என்ன? திருவிழாவை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பொதுக்கூட்டம் நடத்தும் அரசியல் ஊழியர்களே இவ்விதியை முதலில் மீறுகிறவர்கள். இப்பத்திரிகையை வாசிப்போரில் அவர்கள் பலர். நண்பர்களே, மேடையில் முதியோர் நலம் பேசும்போதே பக்கத்துத் தெருவில் எண்பது வயதுக் கிழவியின் உறக்கத்தை நம் ஒலிபெருக்கி பறித்துக் கொண்டிருக்கிறது. பத்து மணிக்குள் சொல்ல முடியாத எந்த உண்மையையும் பதினொரு மணிக்குச் சொல்லிவிடப் போவதில்லை.

மூன்றாவது, முதியோர் இல்லங்கள். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியோர் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் தங்கத்தக்க இல்லம் ஒன்றை ஜில்லாவுக்கு ஒன்றாகவேனும் அமைக்க மாகாண சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. அவ்வில்லங்களின் தரம் எப்படி இருக்க வேண்டும் என்று நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் தருகிறது. 'அமைக்கலாம்' என்று மட்டும் சொல்லி 'அமைக்க வேண்டும்' என்று சொல்லாதது சட்டத்தின் குறை. அக்குறையைச் சட்டசபை திருத்தட்டும். ஆனால் தரத்தை வகுப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. விதிகளில் நாலு வரி சேர்த்தால் போதும். ஒவ்வோர் இல்லத்திலும் காலை வெளிச்சம் விழும் தாழ்வாரமோ முற்றமோ இருக்க வேண்டும். நடக்க முடியாதவரையும் தினமும் அங்கே கொண்டுவர வேண்டும். பகலில் செய்ய விருப்பமான வேலை இருக்க வேண்டும். இரவில் பராமரிப்பவர் வசதிக்காகப் பெருவிளக்கு எரியலாகாது; வைத்தியர் எழுதாத தூக்க மருந்து கொடுக்கலாகாது. ஆஸ்பத்திரி வார்டுகளுக்கும் இவ்விதி பொருந்தும். இரவெல்லாம் விளக்கெரியும் வார்டில் நாலு நாள் கிடக்கும் முதியவருக்குப் பகலேது, இரவேது?

இவை பெரிய திட்டங்களல்ல. கோடிக்கணக்கில் பணம் கேட்பவையும் அல்ல. அதனாலேயே இவை அலட்சியம் செய்யப்படுகின்றன என்று நாம் அஞ்சுகிறோம். அஸ்திவாரக் கல்லும் திறப்பு விழாவும் இல்லாத காரியத்தில் மந்திரிகளுக்கு உற்சாகம் பிறப்பதில்லை. இதில் நாம் யாருக்காகப் பேசுகிறோமென்று எண்ணிப் பார்ப்போமாக. இதை வாசிப்பவரில் நாற்பது வயதினர் அனைவரும் இருபது வருஷத்தில் அந்தக் கட்டிலுக்கு வந்து சேருவோம். பெரியவருக்கு இன்று எந்த ஜன்னலைச் சாத்துகிறோமோ, அந்த ஜன்னலை நாளை நமக்கும் நம் பிள்ளைகள் சாத்துவார்கள். நாளைக் காலை வீட்டிலுள்ள முதியவரைக் கைபிடித்து வாசலுக்கு அழைத்து வாருங்கள். சட்டசபையிலும் நகரசபையிலும் செய்ய வேண்டியதை அதன்பின் கூடிச் செய்வோம்.